பத்தைக் கழித்தவர்கள்

"மாமா, டீயா காபியா?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, முகம் நிறையச் சிரித்து, "ஆமாம்மா" என்றார்.

நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. பால் பாத்திரமும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்று அப்பாவையே பார்த்தாள்.

"டீயா காபியான்னு கேக்கிறா!" என்றேன்.

"டீ போதும்டா" என்றார் அப்பா உடனே.

"பாத்தியா? நல்லாத்தான் கேக்குது."

"நீங்க சொன்னா தெருக்கோடியில இருக்கிறவங்களுக்கும்தான் கேக்கும்" என்றாள்.

அதை மறுக்க முடியாது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்துவதுதான் பிழைப்பு. விசிலை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன நாளிலும் எனக்கு வகுப்பு நடக்கும். நான் வீட்டுக்குள் ரகசியம் பேசி, அதற்கு மாடி வீட்டுக்காரர் பதில் சொன்ன கதையெல்லாம் உண்டு. அதனால் அப்பாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோதும் அதைக் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். மற்றவர்கள் பேசுவது அவருக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. நான் பேசியது மட்டும் எட்டிக்கொண்டே இருந்தது.

அப்பா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். வாலிபம் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் சேர்த்துவைத்தவர். அவருக்குப் போய்க் காது கெட்டதில் ஒரு நியாயமும் இல்லை என்று அக்கா புலம்புவாள். அக்கா ஒரு காது மருத்துவமனையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, 'பீப்' சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லி, எந்த அளவில் கேட்கிறது என்று எண்களாக எடுத்து, அதற்குத் தக்கபடி காது மிஷினை அமைத்து மாட்டிவிடுவது அவள் வேலை. அப்பாவுக்கும் அவள்தான் மாட்டிவிட்டாள். எண் பெரிதாக இருந்தால் காது மோசம், மிஷினில் சத்தத்தைக் கூட்ட வேண்டும். எண் சின்னதாக இருந்தால் குறைக்க வேண்டும். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

என் மனைவி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். எழுதிக்கொண்டிருந்தவள் என்று சொல்ல வேண்டும். அம்மா படுத்த படுக்கையானபோது, "கொஞ்ச நாள்தானே" என்று வேலையை விட்டாள். அந்தக் கொஞ்ச நாள் வருஷங்களாக நீண்டது. அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள்தான். பெற்ற பிள்ளைகள் நானும் அக்காவும் குத்துக்கல் மாதிரி இருந்தோம், ஆனால் அம்மா கடைசியில் கூப்பிட்டது அவளைத்தான். அம்மா போன பிறகு மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: இடையில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்? "ஒருத்தரைப் பாத்துக்கிட்டேன்" என்பாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். பிறகு ஃபோன் வராது. அவள் என்னிடம் புலம்பவில்லை. ஆனால் துணி மடிக்கும்போது ஒவ்வொரு சட்டையையும் பெட்டியில் போட்டு விற்கப் போகிற மாதிரி அழுத்தி அழுத்தி மடித்தாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்த அக்கா, எப்போதும் போல வேலையிடத்தைத் திட்டினாள். "எங்க பழைய டெஸ்ட் மிஷின் ஃபைலைத் திறந்தா கம்ப்யூட்டர் எண்ணைத் தப்பாத்தான் காட்டும். மென்பொருள்காரனுக்கு எழுதிப் போட்டா, அவன் கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கான்."

என் மனைவியின் கை சோற்றிலேயே நின்றது. "அந்த ஃபைல் ஒண்ணு குடுங்க அண்ணி. மாமாவோடதே குடுங்க. பேரை எடுத்துட்டுக் குடுங்க."

அந்த மென்பொருளுக்கு அடியில், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதின ஒரு லைப்ரரி இருந்ததாம். உறுப்பினர் அட்டை வேண்டுமா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். விதவிதமான பரிசோதனை மிஷின்கள் விதவிதமாக எழுதிவைக்கிற எண்களைப் படித்துக் கொடுப்பது அதன் வேலை. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். யாரும் திறந்து பார்க்கலாம், தப்பு கண்டுபிடித்தால் திருத்தி அனுப்பலாம். பார்த்துக்கொள்கிறவர்கள் சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது.

"அப்புறம் எதுக்கு?"

"என் பேர்ல ஒரு வேலை இருக்கும்ல" என்றாள். நான் அதன் பிறகு கிண்டல் செய்யவில்லை.

தப்பைச் சீக்கிரமே பிடித்துவிட்டாள். அந்தப் பழைய மிஷின் பூஜ்யத்தில் எண்ணத் தொடங்காமல், அதற்கும் கீழே பத்தில் தொடங்குகிறது. லைப்ரரிக்கு அது தெரியாது. அதனால் ஒவ்வொரு எண்ணும் பத்து கூடுதலாக வருகிறது. திருத்தம் ஒரே வரி. அந்த ஒரு வரியை உள்ளே விடுவதற்குத்தான் பாடு. லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிற ஆள் எங்கோ இருக்கிறார், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தன் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆந்தையின் படத்தை வைத்திருந்தார். பேச்சும் அதற்கேற்ற ஊமைக் கோட்டான் பேச்சுதான். "சோதனை எங்கே?" என்று ஒரு வரி வரும். திருத்தம் சரியா என்று எப்போதும் சரிபார்க்கும்படி ஒரு சின்னச் சோதனையையும் கூடவே எழுதி அனுப்ப வேண்டுமாம். அவள் அப்பாவின் ஃபைலையே சோதனையாக வைத்தாள். இனி உலகத்தில் யார் அந்த லைப்ரரியில் கைவைத்தாலும், முதலில் அப்பாவின் காதைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இந்தப் பெயர் புரியவில்லை, மாற்றவும்." மாற்றினாள். "விளக்கம் நீளம்." குறைத்தாள். கடைசியாக ஆந்தை ஒரு கேள்வி கேட்டது: இப்போது வருகிற எண்ணை நம்பி யாராவது இருக்கிறார்களா?

அதை அவள் எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள். "தப்பான எண்ணை யாருங்க நம்புவாங்க?" அதையே பதிலாக எழுதினாள். மறுநாள் காலையில் அவளுடைய வரி உள்ளே போயிருந்தது. சுண்டெலி என்று அவள் தனக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயர், திருத்தம் தந்தவர்கள் வரிசையின் அடியில் இருந்தது. அதை எனக்குக் காட்டினாள், அப்பாவுக்குக் காட்டினாள், படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா ஃபோனில், "எமகாதகி! ஆனா எங்க கிளினிக்குக்கு இதெல்லாம் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்" என்றாள்.

அப்படி ஆகவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே ஒரே சமயத்தில் நல்லதாக நடந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூவின் முதல் சுற்றில், இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அந்தத் திருத்தத்தைப் பார்த்தோம், சுத்தமான வேலை, அடுத்த சுற்றில் அதைப் பற்றியே பேசலாம் என்றார்கள். அதே வாரத்தில் அப்பாவின் காதை அக்கா மறுபடி பரிசோதித்து மிஷினைப் புதிதாக அமைத்தாள். "இனிமே உங்க எண்ணு சரியா வரும் மாமா, நானும் அண்ணியும் சேர்ந்து சரி பண்ணிட்டோம்" என்று என் மனைவி அப்பாவின் முன்னால் உட்கார்ந்து சொன்னாள். அப்பா அவள் தலையில் கைவைத்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்ல ஆரம்பித்தார். யோசித்துப் பார்த்தால் எனக்கே நினைவுக்கு வந்தது. மாடி வீட்டுக்காரர் தன் மாப்பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்று சொன்னபோதும், அப்பா முகம் நிறையச் சிரித்து "ரொம்ப சந்தோஷம்" என்றாராம். அந்த மனிதர் அதற்குப் பிறகு படியில் என்னைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயசானால் அப்படித்தான் என்று நான் விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. டீயா காபியா என்று கேட்ட அன்றே பள்ளிக்கூடத்துக்கு என்னை லீவு போடச் சொன்னாள். அப்பாவை வண்டியில் ஏற்றி, அக்காவிடம் கூட்டிப்போனோம்.

அக்கா அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தாள். வெளியே இரண்டு திரைகள். ஒன்றில் பரிசோதனை எண்கள் வரும், இன்னொன்றில் அவற்றைப் பார்த்துத் தட்டினால் காது மிஷின் அமைந்துவிடும். அக்காவுக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். அப்பா உள்ளே ஹெட்ஃபோனோடு, கையில் பொத்தானை வைத்துக்கொண்டு, பழைய வேலைக்குத் திரும்பியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்கள் வந்தன. அக்கா என்னிடம் என் எடையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே மளமளவென்று தட்டினாள்.

"அண்ணி, இப்ப என்ன பண்ணினீங்க?" என்றாள் என் மனைவி.

"என்ன பண்ணினேன்?"

"அங்க அம்பதுன்னு இருக்கு. நீங்க நாப்பதுன்னு போட்டீங்க."

"ஆமா, பத்தைக் கழிக்கணும்ல. அந்த மிஷின் ஃபைல் பத்து கூடத்தான் காட்டும். இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்துடுவாங்க. இப்பல்லாம் கழிக்கிறேன்னே தோணாது, கை அதுவாக் கழிச்சிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கை விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டது. என் மனைவி அவளுடைய தோளுக்கு மேலாகக் குனிந்து, திரையின் ஓரத்தில் எதையோ தட்டிப் பார்த்தாள். லைப்ரரியின் புதுப் பதிப்பு அதில் எப்போதோ வந்து இறங்கியிருந்தது. மென்பொருள்காரன் அங்கிருந்தே போட்டிருக்கிறான். மணி அடிக்கவில்லை, எழுத்து மாறவில்லை, எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. எண்கள் மட்டும் ஒருநாள் சரியாகிவிட்டிருந்தன.

"அப்ப, நீ ஏற்கனவே கழிச்சது..." என்றாள் அக்கா.

"நீங்களும் கழிச்சிருக்கீங்க அண்ணி."

பத்து என்றால் சின்ன எண்ணாகத்தான் எனக்குத் தெரிந்தது. காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம் என்று அக்கா பிறகு சொன்னாள். அப்போது அதைச் சொல்கிற நிலையில் அவள் இல்லை. "போன வாரம் ஒரு பாப்பாவுக்கு மாட்டி அனுப்பினேன்" என்றாள். "இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு. அவங்க அம்மா வாயைப் பாத்து வாயை அசைக்குது." எழுந்துபோய்க் கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டாள். அந்த அறையில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஒருத்தி செய்ததிலும் தப்பில்லை, இன்னொருத்தி செய்ததிலும் தப்பில்லை. ஆனாலும் அப்பா மூன்று வாரமாகப் பாதி உலகத்தில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா சரியான எண்களைப் போட்டு மிஷினை மாட்டிவிட்டதும் அப்பாவின் தோள்கள் இறங்கின. மேசை விசிறியை நிமிர்ந்து பார்த்தார், அது ஓடிக்கொண்டிருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி.

என் மனைவி அவருக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். "கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

அப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணினோம்னு சொன்னியேம்மா" என்றார். "உனக்கு ஒரு வேலை வர்ற நேரம். அதுல போயி குறைன்னு நான் எப்படிச் சொல்றது? என் காதுதான் இன்னும் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் அவரோடு பேசிக்கொண்டு, அவர் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போனதை நான் கவனிக்கவில்லை. அவள் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளாமல், அவர் முன்னாலேயே அழுதாள்.

மறுநாளிலிருந்து அக்கா ஒவ்வொரு வீடாக ஃபோன் செய்து திரும்ப வரச் சொன்னாள். அந்தப் பாப்பாதான் முதலில் வந்ததாம். எங்கள் வீட்டில் வேறு சண்டை ஆரம்பித்தது.

திருத்தத்தைப் பற்றி அந்த லைப்ரரியில் எல்லாரும் பார்க்கும்படி எழுதப் போகிறேன் என்றாள் அவள். என் திருத்தத்தால் ஆட்களுக்குக் காது குறைந்தது, அந்தப் பதிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று, அதே பட்டப்பெயரில். அடுத்த சுற்று இன்டர்வியூ திங்கட்கிழமை. அவர்கள் பார்த்து மெச்சிய அதே பக்கம் அது.

"அக்காகிட்ட கழிக்காதேன்னு சொல்லியாச்சு. விஷயம் முடிஞ்சுது" என்றேன். "உன் எண்ணு சரியான எண்ணுதானே? அப்புறம் நீயே எதுக்குத் தண்டோரா போடறே? வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற கதையா இருக்கு."

"எண்ணு சரிதாங்க. சத்தமில்லாம சரி பண்ணினேன் பாருங்க, அதான் தப்பு. அந்த மிஷின் இங்க ஒரு இடத்துலதான் இருக்கா? எங்கெங்க எத்தனை பேர் கை அதுவாக் கழிச்சிட்டிருக்கோ, யாருக்குத் தெரியும்?"

"சரி, திங்கட்கிழமை முடியட்டும். செவ்வாய்க்கிழமை எழுது. ரெண்டு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

அவள் என்னைத் திட்டவில்லை. "அந்த ரெண்டு நாளும் யாரோ ஒருத்தர் வீட்ல ஆமாம்மா, ஆமாம்மான்னு உக்காந்திருப்பாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அப்பா தன் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டத் தட்ட எட்டிப் பார்த்தேன். 'தப்பான எண்ணை யார் நம்புவார்கள் என்று நான் எழுதியிருந்தேன்' என்று தொடங்கினாள். 'நம்பவில்லை, பழகிப்போயிருக்கிறார்கள், நான் யாரையும் கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன்' என்று எழுதினாள். கை அதுவாகக் கழித்துவிடும் என்று அக்கா சொன்னதை அப்படியே எழுதினாள். 'இந்தப் பதிப்பை உடனே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அடுத்து வரும்போது, இந்தப் பழைய மிஷினின் ஃபைலைத் திறந்தால் எண்ணைக் கொடுக்காமல் நின்று, இனி கழிக்காதே என்று கத்த வேண்டும். படித்தேன் என்று ஒரு மனிதர் ஒப்புக்கொண்ட பிறகுதான் எண் வர வேண்டும். அதையும் நானே எழுதித் தருகிறேன்' என்று முடித்தாள்.

"கத்தணும்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே" என்றேன். அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அனுப்புகிற பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். எனக்கு வாய்வரை வந்தது. செவ்வாய்க்கிழமை என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள். எப்படியோ அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் அமுக்கினாள்.

அமுக்கிவிட்டு உடனே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, இந்தப் பக்கம் திரும்பாமலே, எப்போதும் பேசுகிற அந்தச் சின்னக் குரலில் கேட்டாள்.

"மாமா, டீயா காபியா?"

அப்பா தலையைத் தூக்கினார். முகத்தில் அந்தச் சிரிப்பு பாதி வந்துவிட்டது. தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் வருகிற பேச்சு எந்த மிஷினுக்கும் கஷ்டம்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். டீயா காபியான்னு கேக்கிறா என்று கத்த நான் வாயைத் திறந்தேன். அப்பா என் பக்கம் கையை நீட்டினார், வகுப்பில் சத்தம் போடுகிறவனை நான் நிறுத்துகிற மாதிரி.

"கேக்கலம்மா" என்றார் சமையலறையைப் பார்த்து. "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

குழாய் நின்றது. மேசையில் திரை ஒருமுறை மின்னியது. ஆந்தையின் படமும், அதன் பக்கத்தில் என்னவோ ஒரு வரியும் வந்திருந்தன. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி சமையலறை வாசலுக்கு வந்தாள். திரைப் பக்கம் திரும்பாமல் நேரே அப்பாவின் நாற்காலிக்கு நடந்தாள்.